செல்போனில் மண் ஈரம்: எண்ணைவிடக் கோட்டைப் பாருங்கள்

மண் ஈர சென்சாரை வயலில் புதைத்தால், ஈரம் கூடுவதும் குறைவதும் செல்போன் திரையில் அவ்வப்போது கோடாகத் தெரியும். அதில் வரும் எண்ணை மட்டும் நம்பி மோட்டார் போடக் கூடாது. 20 சதவீதம் என்பது மணல் நிலத்துக்கு நல்ல ஈரம். களி மிகுந்த கரிசலில் அதே 20 சதவீதத்தில் பயிர் வாடிவிடும். எனவே நன்றாகப் பாசனம் செய்து, மணலில் மறுநாளும் கரிசலில் இரண்டு மூன்று நாள் கழித்தும் காட்டும் அளவைக் குறித்து வையுங்கள். உங்கள் நிலத்துக்கு அதுதான் நிறைந்த ஈரம்.

சொட்டுநீர்த் தக்காளிக்கு 20 செ.மீ. ஆழத்தில் ஒன்று, 60 செ.மீ. ஆழத்தில் ஒன்று என இரண்டு சென்சார் வைப்பது நல்லது. தண்ணீர் விட்டதும் மேல் கோடு ஏற வேண்டும். கீழ்க் கோடும் ஒவ்வொரு முறையும் ஏறினால் தண்ணீர் வேரைத் தாண்டி இறங்குகிறது, போட்ட யூரியாவும் அதோடு போகிறது. பாசன நேரத்தைக் குறையுங்கள். மேல் கோடே அசையாவிட்டால் சொட்டுவான் அடைத்திருக்கலாம். சென்சாரைச் சுற்றி மண் சரியாக இறுகாமலும் இருக்கலாம்.

கடைசியாகப் பதிவான நேரத்தையும் பாருங்கள். சிக்னல் போனால் சில செயலிகள் பழைய அளவையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வேர்ப் பகுதியில் ஒரு பிடி மண்ணைத் தோண்டி எடுத்துப் பார்த்தே மோட்டார் போடுங்கள்.