படவேட்டுப் பள்ளத்தாக்கும் அணையாடையின் வரலாறும்

ஜவ்வாது மலையின் கிழக்கடிவாரத்தில் குன்றுகள் சூழ அமைந்த படவேடு, 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய ஊர் என்பதாலும், ரேணுகாம்பாள் கோயிலில் ஆடி வெள்ளிதோறும் திரளும் கூட்டத்தாலும் அறியப்படுவது. அதன் கோட்டையையும் கோயில்களையும் பற்றி வரலாற்றறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அவ்வூர்ப் பெண்கள் மாதவிலக்கு நாட்களில் எதை அணிந்தார்கள், கைக்குழந்தைக்கு எதைக் கட்டினார்கள், அவ்வழக்கம் எப்போது, யாரால் மாறியது என்பன கல்வெட்டில் ஏறும் செய்திகள் அல்ல. ஆயினும், ஒரு முறை பயன்படுத்தி எறியும் அணையாடை, அதாவது நாப்கின், அமெரிக்க ஆலைகளில் உருவாகித் தமிழகத்தின் மலையடிவார ஊர்கள்வரை வந்து சேர்ந்த கதை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் அடங்கிவிடுவதால், அதன் தடங்களை இன்றும் தெளிவாகப் பின்தொடர முடிகிறது.

அணையாடைக்கு முன்பு இருந்தது பருத்தித் துணி. தறி நகரமான ஆரணியை அருகில் கொண்ட இப்பகுதியில், நெடுங்காலம் உடுத்தி நைந்த வேட்டியும் பருத்திப் புடவையுமே கிழிக்கப்பட்டு மாதவிலக்குத் துணியாகவும் குழந்தைக்கான அரைத்துணியாகவும் பயன்பட்டன. புதுத் துணியை விடுத்துப் பழந்துணியைத் தேர்ந்தது சிக்கனத்துக்காக மட்டும் அன்று. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் படலம் உண்டு. பாவு அறாமலிருக்க நெசவாளர் ஏற்றும் கஞ்சியும் அதனோடு சேர்வதால், புதுத் துணியின் மேல் விழும் நீர் உடனே உள்ளிறங்காது. பல முறை வெளுத்த பிறகே மெழுகும் கஞ்சியும் நீங்கி, இழைகள் தளர்ந்து, அவற்றுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளிகள் நீரை இழுக்கத் தொடங்கும். இதைத் தமிழ்ப் பெண்கள் பாடமாகப் படிக்கவில்லை, பயன்பாட்டால் அறிந்திருந்தார்கள்.

துணியில் இருந்த குறையைவிடத் துணியைச் சூழ்ந்திருந்த வாழ்க்கையில் இருந்த குறை பெரிது. வீட்டில் குழாயும் கழிப்பறையும் இல்லாத நிலையில், துவைப்பதற்குப் பிறர் கண் படாத வேளையும் காய வைப்பதற்குப் பிறர் கண் படாத இடமும் தேட வேண்டியிருந்தது. தீட்டு என்னும் எண்ணம் அத்துணியைக் கொடியில் வெயிலில் விரிக்கவிடாமல், கூரை இடுக்கிலும் வேறு துணிகளின் அடியிலும் ஒளிக்க வைத்தது. ஈரம் முழுதும் உலராத துணி அடுத்த முறை உடலில் படும்போது தொற்றும் புண்ணும் உண்டாயின. 1970களுக்குப் பின் நைலக்ஸ், பாலியஸ்டர் புடவைகள் கிராமங்களில் பரவியபோது இந்நிலை மேலும் மோசமாயிற்று. செயற்கை இழைப் புடவை எவ்வளவு பழையதானாலும் நீரை உறிஞ்சாது. வீட்டுப் பெட்டியில் பருத்தி குறையக் குறைய, காசில்லாமல் கிடைத்துவந்த உறிஞ்சு துணியும் குறைந்தது என்பதை அணையாடையின் வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

கடையில் விற்கும் அணையாடையின் தொடக்கம் மருத்துவமனையில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தகைய பட்டைகளை விற்க முயன்றும், கடையில் கேட்டு வாங்கப் பெண்கள் கூச்சப்பட்டதால் விற்பனை நிலைக்கவில்லை. கிம்பர்லி-கிளார்க் என்னும் காகித நிறுவனம் உருவாக்கிய செல்லுகாட்டன் என்ற மரக்கூழ்ப் பஞ்சு முதல் உலகப் போரில் காயக்கட்டுக்குப் பயன்பட்டது. அது பருத்தியைவிட மலிவானது, மிகுதியாக உறிஞ்சக்கூடியது. போர்முனைச் செவிலியர்கள் அதைத் தங்கள் மாதவிலக்குக்கும் பயன்படுத்தினார்கள். போர் முடிந்து, தேங்கிய பஞ்சுக்குச் சந்தை தேடிய நிறுவனம், செவிலியரின் அந்தப் பழக்கத்தையே பொருளாக்கி 1920இல் கோட்டெக்ஸ் என்ற பெயரில் விற்றது. ஆகவே அணையாடையின் முதல் வடிவமைப்பாளர்கள் பெயர் பதிவாகாத அந்தச் செவிலியர்களே எனக் கூறுவது மிகையாகாது.

அப்பட்டையை இடுப்பில் கட்டும் மீள்பட்டையில் கொக்கியிட்டு மாட்ட வேண்டியிருந்தது. அடியில் பசை தடவி உள்ளாடையில் ஒட்டும் வடிவம் 1970ஐ ஒட்டியே வந்தது. இருபுறமும் மடியும் சிறகுகள் 1980களில் வந்தன. குழந்தைகளுக்கான டயாப்பரும் இதே காலத்தில் தனி வழியில் வளர்ந்தது. மேரியன் டோனவன் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1940களின் இறுதியில் குளியலறைத் திரையை வெட்டித் தைத்து நீர் கசியாத மேலுறை ஒன்றைச் செய்தார்; பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 1961இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் பாம்பர்ஸ் டயாப்பரைச் சோதனைக்காக விற்றது. அதே பியோரியாவில் இருந்த அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வகத்தில்தான், சோள மாவுச் சத்துடன் செயற்கைப் பலபடியை இணைத்து, தன் எடையைப் போல் பல நூறு மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் பொருள் ஒன்று பின்னர் உருவாக்கப்பட்டது. வறண்ட நிலத்தில் ஈரம் காக்கும் எண்ணமும் அதன் பின்னணியில் இருந்தது. அவ்வழியில் வந்த மீயுறிஞ்சுப் பொருள்களை 1970களின் இறுதியில் அணையாடைக்குள் வைத்தவர்கள் ஜப்பானியர்.

இந்த மாற்றத்தின் பொருளை உணர, இக்காலத்து அணையாடை ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது தகும். உடலில் படும் மேல்தாள், நுண்துளையிட்ட பாலித்தீன் படலமாகவோ பாலிபுரோப்பிலின் இழைகளை நெய்யாமல் வெப்பத்தால் பிணைத்த துணியாகவோ இருக்கும். அது தான் நனையாமல் நீரைக் கீழே கடத்த வேண்டும். அதன் கீழே நீரை நீளவாக்கில் பரப்பும் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும், அதற்குள் சர்க்கரைத் துகள் போன்ற சோடியம் பாலிஅக்ரிலேட் மணிகளும் இருக்கும். பஞ்சு நீரைத் தன் இடைவெளிகளில் தேக்குவதால், அழுத்தினால் விட்டுவிடும். மணிகளோ நீரை மூலக்கூறு வலைக்குள் இழுத்துக் கூழாக உப்பிவிடுவதால், அமர்ந்தாலும் நடந்தாலும் எளிதில் விடுவதில்லை. ஆனால் நீரில் உப்புக் கலந்தால் அவற்றின் ஆற்றல் பல மடங்கு குறையும். புரதமும் அணுக்களும் நிறைந்த குருதியில் அது மேலும் குறையும். எனவே சிறுநீருக்கான டயாப்பருக்கும் குருதிக்கான அணையாடைக்கும் ஒரே கணக்குப் பொருந்துவதில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் நீர் ஊடுருவாத பாலித்தீன் தாளும், பசையும், பசையை மூடிய காகிதமும் உள்ளன. இவ்வடுக்குகளில் பஞ்சைத் தவிரப் பெரும்பாலானவை மட்காத நெகிழிகள்.

இந்தியத் தரநிர்ணய அமைப்பு அணையாடைக்கான தரக்குறிப்பை ஐஎஸ் 5405 என்ற எண்ணில் 1969இலேயே வெளியிட்டு, 1980இல் திருத்தியது. நிமிடத்துக்கு 15 மி.லி. வீதம் 30 மி.லி. நிறநீரையோ, உறையாதபடி செய்த ஆட்டுக் குருதியையோ பட்டையின் நடுவில் ஊற்றி, ஒரு கிலோ எடையை ஒரு நிமிடம் வைத்த பிறகும் அடியிலோ பக்கங்களிலோ கசியக் கூடாது என்பது அதன் முதன்மைச் சோதனையாக இருந்தது. ஒரு மாதவிலக்கில் சராசரியாக வெளியேறும் குருதி முழுவதுமே 30 முதல் 40 மி.லி. அளவுதான் என்பதை நோக்க, இச்சோதனை கடுமையானதே. ஆனால் அக்காலத்தில் அணையாடை, மருந்துக்கடையில் செய்தித்தாளில் சுற்றிக் கைமாறிய நகரத்துப் பண்டம். கூலி வேலை செய்யும் குடும்பத்தின் கணக்கில் அதற்கு இடமில்லை.

அந்த விலைச் சுவரை உடைக்க முயன்றவர்களில் கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் முதன்மையானவர். கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்து பட்டறைத் தொழிலாளியாக வாழ்ந்த அவர், 1998 அளவில் மனைவி அழுக்குத் துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டு, பருத்திப் பஞ்சால் பட்டை செய்து பார்த்தார்; அது பயன்படவில்லை. சோதித்துக் கருத்துச் சொல்லப் பெண்கள் முன்வராததால், ஆட்டுக் குருதி நிரப்பிய கால்பந்துப் பையைத் தன் உடலில் கட்டிக்கொண்டு தானே சோதித்தார். தரக்குறிப்பு ஆய்வகத்துக்கு விதித்ததையே அவர் தெருவில் நடந்தும் மிதிவண்டி ஓட்டியும் செய்தார் எனலாம். நிறுவனங்கள் பயன்படுத்துவது மரக்கூழ் என்பதைக் கண்டறிய அவருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அதன் பிறகு அவர் செய்தது கோடிகளில் விலைபோன ஆலையை நான்கு எளிய செயல்களாகப் பிரித்தது: கூழ்த் தாளை அரைத்துப் பஞ்சாக்குதல், அச்சில் அழுத்துதல், நெய்யாத் துணியில் சுற்றுதல், புறஊதா ஒளியில் கிருமி நீக்குதல். 2006இல் சென்னை ஐ.ஐ.டி.யில் காட்டப்பட்ட அவ்வியந்திரத்தை அவர் பெருநிறுவனங்களுக்கு விற்காமல் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கே அளித்துவந்தார். 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒரு பொருளின் வடிவத்தை விடுத்து, அதைச் செய்யும் முறையை மறுவடிவமைத்தது அவரது பெருமை.

அணையாடையைப் படவேடு போன்ற ஊர்களின் அன்றாடப் பொருளாக்கியது சந்தையைவிட அரசே. தமிழக அரசு 2012 மார்ச்சில் தொடங்கிய ‘புதுயுகம்’ திட்டம், ஊரகப் பகுதிகளில் 10 முதல் 19 வயது வரையிலான பெண்களுக்கு அணையாடைகளை விலையின்றி வழங்கியது. பள்ளி, அங்கன்வாடி, கிராம சுகாதாரச் செவிலியர் ஆகிய வழிகளில் அது ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கும் உரியதாயிற்று. பிள்ளை பெற்ற தாய்மாரும் சிறையில் இருக்கும் பெண்களும் அதில் சேர்க்கப்பட்டது, அரசு இதைப் பண்டமாகக் கருதாமல் உரிமையாகக் கருதத் தொடங்கியதைக் காட்டுகிறது. இரு மாதங்களுக்கு ஒரு முறை, ஆறு பட்டைகள் கொண்ட மூன்று பொட்டலங்கள் என்பது அளவு. மாதத்துக்கு 9 பட்டைகளே கிடைக்கும் இக்கணக்கில், ஐந்து நாள் விலக்கில் நாளொன்றுக்கு இரண்டுகூட வராது. எஞ்சியதைப் பெண்கள் கடையிலோ துணியிலோதான் நிரப்ப வேண்டும். இக்குறையுடனும், பள்ளிக்குச் செல்லும் சிறுமிக்கு இத்திட்டம் தந்த துணிவை மறுக்க இயலாது.

பயன்படுத்திய பிறகு அது எங்கே போகும் என்ற கேள்வியைச் செவிலியரின் பழக்கத்தை விற்ற நிறுவனமும், பியோரியாவின் வேதியியலாளரும், தரக்குறிப்பை எழுதியவர்களும் கேட்கவில்லை. ஒரு நூற்றாண்டு முழுவதும் கசிவைத் தடுப்பதே வடிவமைப்பின் ஒரே இலக்காக இருந்தது. துணிக்காலத்தில் துவைத்த நீர் மண்ணில் கலந்தது; நைந்த துணி மட்கியது. பாலித்தீன் அடுக்கு கொண்ட பட்டையோ படவேட்டுக் கமண்டல நதியின் கரையிலும் வாய்க்காலிலும் வீசப்பட்டால் உப்பிக் கிடக்கும், புதைத்தாலும் அழியாது. தமிழகத்துப் பள்ளிகள் சிலவற்றில் கழிப்பறைச் சுவரில் துளையிட்டு, அதன் வழியே பட்டையை வெளிப்புற அடுப்பில் விழச் செய்து எரிக்கும் எளிய அமைப்புகள் கட்டப்பட்டன. பிறர் பார்வைக்கு அஞ்சும் சிறுமியின் மனத்தை அறிந்த அமைப்பு அது. ஆனால் போதிய வெப்பமின்றி நெகிழியை எரித்தால் எழும் நச்சுப் புகைக்கு அதில் தீர்வில்லை. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு உகந்த பொருள்களைப் பயன்படுத்தும் வழியை ஆராயவோ, பயன்படுத்தியதைச் சுற்றி எறிய உறை வழங்கவோ உற்பத்தியாளர்களைப் பணித்தன. உறை வழங்குவது எளிது. உறைக்குள் இருப்பதைக் கையால் பிரிப்பவர் ஊராட்சியின் தூய்மைக் காவலர்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. ஆரோவில்லில் இயங்கும் எக்கோ ஃபெம், துவைத்துப் பயன்படுத்தும் பருத்திப் பட்டைகளை மகளிர் குழுக்களைக் கொண்டு தைத்து, வெயிலில் உலர்த்தும் முறையையும் கற்பித்துவருகிறது. பழந்துணியின் அறிவு அங்கே வெட்கம் நீங்கித் திரும்பியிருக்கிறது. அகமதாபாத்தின் சாத்தி நிறுவனம் வாழை நாரிலிருந்து மட்கும் அணையாடைகளைச் செய்கிறது. ருவாண்டாவிலும் வாழை நாரே இதற்குப் பயன்பட்டுள்ளது. வாழை விளையும் படவேட்டுப் பள்ளத்தாக்குக்கு இச்செய்தி நெருக்கமானது. தார் வெட்டிய பின் மரம் மீண்டும் காய்க்காது. அதன் தண்டு உழவருக்குச் சுமையாகவே கிடக்கிறது. நாரைப் பிரித்து, பிசின் போன்ற பொருள்களை நீக்கி, பஞ்சாக மென்மைப்படுத்தினால் இறக்குமதி மரக்கூழின் ஒரு பகுதிக்கு அது ஈடாகக்கூடும். ஆனால் உறிஞ்சும் நடுப்பகுதி மட்கினாலும் மேல்தாளும் அடித்தாளும் நெகிழியாகவே இருந்தால் பயன் பாதிதான் என்பதையும் மறக்கலாகாது.

பட்டைகளைக் கொள்முதல் செய்து விலையின்றி வழங்கும் அரசு, அவற்றுக்கான ஒப்பந்தப் புள்ளியிலேயே மட்கும் அடுக்குகளை ஒரு நிபந்தனையாக எழுதவும், விரும்பும் பெண்களுக்குத் துவைக்கும் பருத்திப் பட்டைகளையும் வழங்கவும் முன்வர வேண்டும். எறிந்த பட்டையைக் கையால் எடுப்பவரின் பாதுகாப்புக்கான செலவை உற்பத்தியாளர் மீதே விதிக்கவும் வேண்டும்.