தங்கவயலில் யாருக்கு எந்த வாசல்

1930-ல் கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். உடனடிக் காரணம் கைரேகை. ஒவ்வொருவரின் விரல் பதிவையும் நிர்வாகம் எடுத்து வைக்க முனைந்தது. 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டதே குற்றவாளிகளை அடையாளம் காணத்தான். வடார்க்காட்டிலிருந்து வந்து பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைத்த மக்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அந்த மை எப்படி உறுத்தியிருக்கும்!

1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கையில் இருந்த ஊர் அது. அதிகாரிகளுக்கு பங்களாவும் கிளப்பும், தொழிலாளர்களுக்கு 'லைன்' எனப்பட்ட குடியிருப்பு வரிசைகளில் தட்டி வீடுகள். நிலம் கம்பெனியுடையது.

ஓர் இடத்தில் யார் நுழையலாம், எதைத் தொடலாம் என்று வகுப்பவர் முதலில் 'நீ யார்' என்று கேட்கிறார். இதே கேள்வியைக் கணினிக்கு எழுதியவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்தார்கள். கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் 1969-ல் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தபோதே, கோப்பின் அனுமதியை மாற்றும் கட்டளை அதில் இருந்தது. அன்று உரிமையாளர், மற்றவர்கள் என்று இரண்டே பிரிவு; குழு பின்னால் சேர்ந்தது. இன்றைய முறையில் படிக்க 4, எழுத 2, இயக்க 1; இவற்றின் கூட்டல் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இலக்கம். 750 என்றால் உரிமையாளருக்கு எல்லாம் உண்டு, குழு படிக்கலாம், இயக்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

கோப்புறையில்தான் விஷயம் நுட்பமாகிறது. அங்கே 'படிக்க' என்றால் உள்ளிருக்கும் பெயர்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான். 'இயக்க' இருந்தால்தான் அதனுள் நுழைந்து கடந்து போக முடியும். ஒரு கோப்பை அழிக்கும் அதிகாரமோ பொதுவாகக் கோப்பில் இல்லை, அதை வைத்திருக்கும் கோப்புறையில் இருக்கிறது. கோப்பு உன்னுடையதாக இருக்கலாம். கோப்புறையில் எழுதும் உரிமை பெற்ற வேறொருவர் அதை நீக்கிவிடலாம். இதற்கு எதிராகத்தான் பொதுக் கோப்புறைகளுக்கு 'ஒட்டு பிட்' என்ற கூடுதல் காவல் வந்தது. 'ரூட்' பயனருக்கோ இந்தத் தடைகள் அநேகமாக எதுவுமில்லை.

தட்டி வீட்டுக்காரரின் நிலை, பிறர் கோப்புறையில் கோப்பு வைத்திருப்பவரின் நிலைதான். தட்டியும் கயிறும் அவருடையவையாக இருந்தாலும் மண் இன்னொருவருடையது. யூனிக்ஸில் உரிமையாளர் தன் கோப்பின் அனுமதியைத் தானே மாற்றலாம். தங்கவயல் தொழிலாளருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் 1930-ன் கைரேகை மறுப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1956-ல் சுரங்கங்களை மைசூர் அரசு ஏற்றது. பின்னர் 1972-ல் மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001-ல் அதுவும் மூடப்பட்டது. அதன்பின் முன்னாள் தொழிலாளர்கள் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று, தாங்கள் குடியிருக்கும் வீடுகளின் உரிமைப் பத்திரம்.