பில் இருக்கா தம்பி?

1

2022 டிசம்பரில் ஒரு காலை. பால் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வீடு திரும்பிய அப்பாவை, ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வந்த கார் ஒன்று தட்டிவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்துபோயின. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். ஐந்து மாதம் கட்டிலும் வாக்கருமாகப் போனது.

தப்பு யார்மேல் என்பதில் குழப்பமே இல்லை. எதிர்க்கடை சிசிடிவியில் எல்லாம் பதிவாகியிருந்தது. அந்தக் காருக்குக் காப்பீடும் இருந்தது. அதனால் நான் தைரியமாகவே இருந்தேன். ஆன்லைனில் வாங்கிய பொருள் உடைந்து வந்தால் பணம் திரும்ப வருவதுபோல இதுவும் வந்துவிடும் என்று நினைத்தேன். அப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. என் வைப்புநிதியை உடைத்தேன், அக்கா சங்கிலியை அடகு வைத்தாள். எல்லாச் செலவையும் ஒரு எக்செல் தாளில் ஏற்றிக்கொண்டே வந்தேன். மொத்தம் 214 வரிகள், 3,86,450 ரூபாய்.

வக்கீல் அந்தத் தாளைப் பொறுமையாகப் படித்தார். வயதானவர், விபத்து வழக்குகளிலேயே தலை நரைத்தவர். ஆட்டோ 180, இளநீர் 50, ராத்திரி துணைக்கு இருந்தவருக்கு 700 என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனார். பிறகு நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பில் இருக்கா தம்பி?"

141 வரிகளுக்கு இருந்தது. அவற்றின் கூட்டுத்தொகை 3,11,200. மீதி 73 வரிகளுக்கு, 75,250 ரூபாய்க்கு, அம்மாவின் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. டெய்லி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அவள் எழுதி வைத்திருந்த கணக்கு.

"ஆட்டோக்காரர்கிட்ட யார் சார் பில் கேப்பாங்க?" என்றேன்.

"கோர்ட் கேக்கும்" என்றார்.

அன்றிரவிலிருந்துதான் இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். யாரோ செய்த தவறுக்கு நம் கையிலிருந்து போன காசைத் திருப்பிக் கேட்கும் உரிமை நமக்கு எப்போது வந்தது? எதை எல்லாம் கேட்கலாம் என்று யார் முடிவு செய்தார்கள்?

2

கதை காருக்கு முன்பே, குதிரை வண்டியில் தொடங்குகிறது.

1808இல் இங்கிலாந்தில் பேக்கர் என்பவரும் அவர் மனைவியும் போன கோச்சு வண்டி கவிழ்ந்தது. மனைவி ஒரு மாதம் கிடந்து இறந்தார். கணவர் வழக்குப் போட்டார். நீதிபதி எல்லன்பரோ சொன்ன விதி விசித்திரமானது. மனைவி உயிரோடு இருந்த அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் கணவர் இழப்பீடு கேட்கலாம். ஒரு மனித உயிர் போனதைச் சிவில் நீதிமன்றத்தில் இழப்பாகச் சொல்ல முடியாது. ஆகவே, காயப்படுத்தியவர் பணம் கட்டவேண்டும், கொன்றுவிட்டால் வேண்டாம்.

அதே நாட்டில் 'டியோடாண்ட்' என்றொரு பழைய வழக்கமும் இருந்தது. ஓர் உயிரைப் பறித்த பொருளுக்கு, அது வண்டியோ எருதோ, ஒரு விலை வைத்து அந்தப் பணத்தை அரசுக்குக் கட்டச் சொல்வார்கள். செத்தவர் குடும்பத்துக்கு அதில் பங்கில்லை. ரயில் வந்து, ஒரே விபத்தில் பலர் சாகத் தொடங்கியதும் இது தாங்கவில்லை. 1841 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சோனிங் என்ற இடத்தில் நடந்த விபத்தில் ரயிலின் கடைசி ஏழைகளான மூன்றாம் வகுப்புப் பயணிகள் இறந்தார்கள். ஜூரிகள் ரயிலுக்கு 1,000 பவுண்டு விலை வைத்தார்கள். 1846இல் அந்த வழக்கத்தை ஒழித்தார்கள். அதே ஆண்டில், இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்கலாம் என்று காம்பெல் பிரபுவின் பெயரால் அறியப்படும் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள்.

ஒன்பது ஆண்டு கழித்து, 1855இல், அதே சட்டம் இங்கே உயிரிழப்பு விபத்துகள் சட்டமாக வந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடியது 1856இல். தென்னிந்தியாவில் ரயிலுக்கு ஒரு வருடம் முன்னால் ரயில் விபத்துக்கான சட்டம் வந்து காத்திருந்தது!

3

அந்தச் சட்டத்தை நம்பி மோட்டார் யுகத்துக்குள் நுழைந்தவர்களின் பாடு என்ன என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 1947 செப்டம்பர் 20, சுதந்திரம் வந்து ஐந்து வாரம். தாராபுரத்திலிருந்து பழநிக்குப் போன பேருந்து, ஊரைத் தாண்டிச் சில மைலிலேயே விபத்துக்குள்ளானது. அதில் போன ஒருவர் மூன்று நாள் கழித்து இறந்துபோனார். குடும்பம் கீழ்நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று ஏறி, உச்ச நீதிமன்றத்தில் 1961இல்தான் முடிவு கண்டது. 'கோபால்ட் மோட்டார் சர்வீஸ் எதிர் வேலுசாமி' என்ற பெயரில் சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். குடும்பத்தின் இழப்பு வேறு, இறந்தவரின் சொத்துக்கு வந்த இழப்பு வேறு, இரண்டையும் கேட்கலாம், ஆனால் ஒரே காசை இரண்டு முறை எண்ணக்கூடாது என்று பிரித்துச் சொன்ன தீர்ப்பு அது. நான் படித்தபோது எனக்குப் பட்டது வேறு. பதின்மூன்று ஆண்டுக்கு மேல் அந்த வீட்டில் யாரோ ஒருவர் வாய்தா தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டே இருந்திருப்பார்.

தோற்றவரிடம் பணம் இல்லை என்றால் தீர்ப்புக் காகிதத்தை என்ன செய்வது? அதற்குப் பதில்தான் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்பீடு. 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் அது எழுதப்பட்டது. ஆனால் போர் முடிந்து, 1946 ஜூலையில்தான் அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது. நாம் வண்டிக்குக் கட்டும் 'தேர்ட் பார்ட்டி' பிரீமியம் நமக்கானதல்ல, நாம் இடித்துவிடக்கூடிய முன்பின் தெரியாத ஒருவருக்கானது. வருடா வருடம் சலித்துக்கொண்டே கட்டிய எனக்கு இது அப்பா விழுந்தபிறகுதான் உறைத்தது.

சிவில் நீதிமன்றத்தில் ஏறி இறங்கும் பாட்டைக் குறைக்க, 1956 திருத்தம் விபத்து இழப்பீட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. 1982இல் இன்னொரு படி. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய் என்று ஒரு அடிப்படைத் தொகை. 1988இல் வந்த புதுச் சட்டம் இவற்றையெல்லாம் தொகுத்து எழுதியது.

4

இனி வருவதை ஒரு மென்பொருள்காரனாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994இல் அந்தச் சட்டத்தோடு ஓர் அட்டவணையைச் சேர்த்தார்கள். பெயர் இரண்டாம் அட்டவணை. தவறை நிரூபிக்காமல் இழப்பீடு கேட்பவர், தன் வயதையும் வருமானத்தையும் அதில் பொருத்தினால் தொகை கிடைத்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் மொழியில் சொன்னால், எல்லா எண்களையும் 'ஹார்ட்கோட்' செய்துவிட்டார்கள். கொடுங்காயத்தின் வலிக்கு 5,000 ரூபாய். சிறு காயத்துக்கு 1,000. மருத்துவச் செலவு, பில்லோ வவுச்சரோ இருந்தால் மட்டும், அதிகபட்சம் 15,000. சம்பாதிக்காதவரின் வருமானம் ஆண்டுக்கு 15,000 என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

அதில் பிழைகளும் இருந்தன. 1996இல் திரிலோக் சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தது. வருமானம் 3,000, பெருக்கும் எண் 15. பெருக்கினால் 45,000 வரவேண்டும். அட்டவணையில் 60,000 என்று அச்சாகியிருக்கிறது. 1,44,000 வரவேண்டிய இடத்தில் 1,71,000. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கும் பிழை. 2009இல் சரளா வர்மா வழக்கிலும் நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது.

விலைவாசிக்கு ஏற்ப அட்டவணையை மாற்றும் அதிகாரத்தை அந்தச் சட்டமே மத்திய அரசுக்குக் கொடுத்திருந்தது. மாற்றியது 2018 மே மாதத்தில். இருபத்து நான்கு வருடம் ஒரு 'பக் ரிப்போர்ட்' திறந்தே கிடந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் மூன்று நாள் திறந்து கிடந்தாலே மேலாளர் போன் செய்வார். அந்த 15,000 உச்சவரம்பு இருந்த காலத்தில் கால் உடைந்த எத்தனை பேர், தவறை நிரூபிக்க வழியில்லாமல், அந்தக் கட்டத்துக்குள் தங்கள் செலவை மடக்கிக் கொண்டிருப்பார்கள்!

எங்கள் வழக்கு அந்த வழியில் போகவில்லை. காரோட்டியின் தவறை நிரூபித்துக் கேட்பது வேறு பிரிவு. அதில் உச்சவரம்பு கிடையாது, உண்மையான செலவு எவ்வளவோ அவ்வளவு. ஆனால் அங்கேயும் ஒரு கெடு உண்டு. 1994இல் எடுத்துவிட்ட காலவரம்பை 2019 திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். "கால் நல்லாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

5

உண்மையான செலவு என்றால் என்ன? இதற்கு இன்று எல்லாத் தீர்ப்பாயங்களும் புரட்டும் தீர்ப்பு 'ராஜ்குமார் எதிர் அஜய்குமார்'. 1991இல் கால் முறிந்த ஒரு பாலாடைக்கட்டி வியாபாரியின் வழக்கு, 2010இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. எழுதியவர் நீதிபதி ரவீந்திரன். காயம்பட்டவர் கேட்கக்கூடியவற்றை அவர் தலைப்பு தலைப்பாகப் பிரித்துக் கொடுத்தார். சிகிச்சை, மருந்து, போக்குவரத்து, சத்தான உணவு, சில்லறைச் செலவுகள் முதல் தலைப்பு. பிறகு இழந்த வருமானம், வருங்கால மருத்துவம், வலி, வாழ்வின் இன்பங்களில் இழந்தவை. முதல் தலைப்பில் சிக்கல் அதிகம் இல்லை, சாட்சியத்திலிருந்து எளிதாகக் கண்டுகொள்ளலாம் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து.

சத்தான உணவு என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அம்மா வைத்த ஆட்டுக்கால் சூப்புக்கு உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் இருக்கிறது. ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் அப்போது அப்பாவின் காலுக்குக் கீழே தலையணையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள்.

"அதெல்லாம் சரிடா. நான் பாத்துக்கிட்டதுக்கு என்ன போட்டிருக்கே?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் 214 வரிகளில் அவளுக்கு ஒரு வரி இல்லை. பதினான்கு ராத்திரி வந்துபோன உதவியாளருக்கு 9,800 ரூபாய் எழுதியிருந்தேன். ஐந்து மாதம் பெட்பேன் எடுத்தவளுக்கு எதுவும் எழுதவில்லை. காசு கைமாறாததால் அது செலவு என்றே எனக்குத் தோன்றவில்லை.

சட்டத்துக்கும் இது தோன்றக் காலம் பிடித்தது. 1989இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்தில் பல பெண்கள் இறந்தார்கள். சம்பளம் வாங்காத இல்லத்தரசியின் உழைப்புக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி லதா வாத்வா வழக்கில் எழுந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் மாதம் 3,000 ரூபாய் என்று ஒரு எண்ணை வைத்தது. குறைவுதான். ஆனாலும் அது சுழியம் இல்லை. 2020இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. சாலை விபத்தில் மூளை பாதிக்கப்பட்டு, ஆயுள் முழுக்கப் பிறர் துணையோடு வாழ வேண்டிய பன்னிரண்டு வயதுச் சிறுமியின் வழக்கு. உயர் நீதிமன்றம் ஒரு உதவியாளருக்கு மாதம் 2,500 போட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் இரண்டு பேருக்குத் தலா 5,000 என்று வைத்து, ஆண்டுக் கணக்கை 18ஆல் பெருக்கி 21,60,000 ரூபாய் கொடுத்தது. இருபத்து நான்கு மணி நேரமும் ஒருவரே பார்த்துக்கொள்ள முடியாது என்பதை ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டு எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன்.

மறுநாள் ஒரு ஹோம் நர்சிங் ஏஜென்சிக்குப் போன் செய்தேன். பகலுக்கு மட்டும் 900 ரூபாய் என்றார்கள். 215ஆவது வரியாக எழுதினேன்: அம்மா, 150 நாள், 1,35,000.

வக்கீல் பார்த்தார். இந்த முறை பில் கேட்கவில்லை. "அம்மாவையே கூண்டுல ஏத்தி சொல்ல வெச்சிருவோம்" என்றார்.

6

அம்மா சாட்சி சொன்னாள். காலண்டர் தாள்களை நூல் கட்டி எடுத்துப் போயிருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் அவற்றை நீங்களே பின்னால் உட்கார்ந்து எழுதியதுதானே என்று கேட்டார். "தாள்ல தேதி போட்டிருக்குங்களே, கிழிக்கிற அன்னைக்கே எழுதறது என் பழக்கம். கல்யாணமான நாள்லேருந்து இப்பிடித்தான்" என்றாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

2025இல் தீர்ப்பு வந்தது. பில் இருந்த 3,11,200 முழுசாகக் கிடைத்தது. போக்குவரத்துக்கு 15,000, சத்தான உணவுக்கு 15,000, உதவியாளருக்கு 25,000. வலிக்குத் தனியாக ஒரு தொகை. மனு போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டி. ஆக, பில் இல்லாத செலவில் பாதிக்கும் குறைவும், அம்மாவின் வரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவும்தான் வந்தது. மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அவர் இப்போது கைத்தடியோடு பால் வாங்கப் போகிறார், நடந்து.

முதலில் அக்காவின் சங்கிலியை மீட்டோம். அந்த 25,000த்தை மட்டும் அம்மாவின் கணக்கில் தனியாகப் போட்டேன். குறுஞ்செய்தி வந்ததும் கண்ணாடி போட்டுப் பார்த்தவள், "இது எதுக்குடா?" என்றாள். சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் திருப்பி, வரவு என்று எழுதி அந்தத் தொகையைக் குறித்துக்கொண்டாள்.