லயத்து வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு



‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது நம் முன்னோர் மொழி. இவ்விரண்டும் எளிதில் முடிகின்ற காரியங்கள் அல்ல என்பதே அதன் பொருள். ஆனால், நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர்களின் நிலை இந்தப் பழமொழிக்குள்ளும் அடங்காது. மூன்று தலைமுறைகளாக அவர்கள் வீட்டில் குடியிருந்தார்கள். ஆனால் ஒரு வீட்டைக் கட்டவும் இல்லை, வாங்கவும் இல்லை.

வீடு வாங்குவது இன்று எல்லா இனத்தவருக்கும் கடினமாகிவிட்டது என்பது உண்மையே. எனினும், இந்தப் போட்டிக்குள் நம்மில் பலர் ஏன் கடைசி ஆளாக வந்து சேர்ந்தோம் என்பதற்குத் தனியாக ஒரு வரலாறு உண்டு. ‘நம்மவருக்குச் சேமிக்கத் தெரியாது’ என்று சிலர் மேடையில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லுமுன் அந்த வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம்.

வேலையோடு கட்டப்பட்ட வீடு

மலாயாவுக்குத் தமிழர்கள் முதலில் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1910இல் அம்முறை நிறுத்தப்பட்டபின் கங்காணி முறை மேலோங்கியது. 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதித்ததும் அதுவும் முடிவுக்கு வந்தது. எந்த முறையில் வந்தவராயினும் அவருக்குத் தங்குமிடம் தோட்டத்து லயம்தான். வாடகை கிடையாது. கூப்பிடு தூரத்தில் கோயில், மருந்தகம், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் இருந்தன.

இது சலுகையைப் போலத் தோன்றும். ஆனால், வீடு இலவசம் என்பதும் கூலி குறைவு என்பதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். அந்த வீடு தொழிலாளியினுடையது அன்று. அவர் பார்க்கும் வேலையினுடையது. வேலை நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்க 1966இல் ஒரு சட்டம் வந்தது. பின்னர் 1990இலும் வந்தது. அவை சுவரையும் தண்ணீரையும் பற்றிப் பேசினவே அன்றி, வீடு யாருக்கு உரியது என்பதைப் பற்றிப் பேசவில்லை.

பத்து வெள்ளியின் கதை

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. நாடு விடுதலை பெறவிருந்த சூழலில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். சிறு துண்டு நிலத்தை வாங்கியவருக்கு நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தேவைப்படவில்லை. ஆகவே, வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோயின. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இந்தத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட நூல், இப்பொருளில் இன்றும் முதன்மையான ஆவணமாகும்.

இதற்கு மாற்று வழியாக எழுந்ததுதான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதனை மாதம் 10 வெள்ளி வீதம் தவணையில் செலுத்தலாம். துன் அவர்கள் தோட்டந்தோட்டமாகச் சென்று மக்களைச் சந்தித்து உறுப்பினராக்கினார். 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. காலப்போக்கில் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அச்சங்கத்துக்குச் சொந்தமாயின.

தனியொரு பால்மரத் தொழிலாளியால் ஓர் ஏக்கர் நிலம்கூட வாங்க முடியாத காலத்தில், பல்லாயிரம் பேர் சேர்ந்து முழுத் தோட்டத்தையே வாங்கிக் காட்டினர். நம்மவருக்குச் சேமிக்கத் தெரியாது என்பாருக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி தேவையில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கத்தின் முதல் நோக்கம் தோட்டத்தைக் காப்பது. அதன்வழி வேலையைக் காப்பது. ஒவ்வொரு குடும்பத்தின் பெயரிலும் ஒரு வீட்டுப் பட்டா என்பது அதற்கு அடுத்த படி. நாடு முழுவதும் இருந்த பெரும்பாலான தோட்டக் குடும்பங்கள் அந்தப் படியை எட்டுவதற்குள் நகரம் தோட்டத்துக்குள் வந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1980களிலும் 1990களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. பிராங் பெசார் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் வீரர்கள் 1921இல் திறந்த தோட்டம் அது. ‘பெரும்போர்’ என்பதே அப்பெயரின் பொருள். பிபி 86 என்ற புகழ்பெற்ற ரப்பர் வகை பிறந்ததும் அங்கேதான். 1995இல் பணிகள் தொடங்கப்பெற்ற புத்ராஜெயா, அத்தோட்டத்தையும் அதன் அண்டைத் தோட்டங்களையும் உள்ளடக்கி எழுந்தது. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தரை வீடு வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது.

இப்படி வெளியேறிய ஒருவரால் வீடு வாங்க முடிந்திருக்குமா? நாம் ஆசிரியர்கள் ஆயிற்றே, கணக்குப் போட்டே பார்ப்போம். 1980ஆம் ஆண்டு விதிமுறையின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவரை ஆட்குறைப்புச் செய்தால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒருவரின் நாள் கூலி 20 வெள்ளி என்றும், அவர் 30 ஆண்டுகள் உழைத்தார் என்றும் வைத்துக்கொள்வோம். 600 நாள் சம்பளம், அதாவது 12,000 வெள்ளி அவருக்குக் கிடைக்கும். அக்காலத்தில் மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி. 1998க்குப்பின் இடத்தைப் பொறுத்து 42,000 வெள்ளி வரை அது உயர்த்தப்பட்டது. முப்பது ஆண்டு உழைப்பு பாதி வீட்டுக்குக்கூடப் போதவில்லை.

பத்து விழுக்காடு முன்பணத்தைக் கட்டிவிட்டு மீதிக்குக் கடன் எடுக்கலாமே என்று கேட்கலாம். வங்கி சம்பளச் சீட்டைக் கேட்கும். அவரோ அப்போதுதான் வேலையை இழந்திருக்கிறார். வயதும் ஐம்பதை நெருங்கியிருக்கும். நீண்ட காலக் கடன் கிடைக்காது. குறைந்த கூலியில் பிடித்தம் செய்யப்பட்ட சேமநிதியும் சிறிதாகவே இருக்கும். ஆகவே பலருக்கு இருந்த வழி இரண்டுதான்: வாடகை வீடு, அல்லது புறம்போக்கு நிலத்தில் ஒரு குடிசை.

கை மாறாத சொத்து

நான் சொல்ல விரும்புவது இதுதான். வீட்டுச் சந்தையில் போட்டியிடுபவர்கள் எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. தந்தைக்கு ஒரு வீடு இருந்தால், அதை விற்றோ அடகு வைத்தோ மகனின் முன்பணத்துக்கு அவர் உதவுவார். லயத்து வீட்டில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்த குடும்பம் தன் பிள்ளைக்கு விட்டுச்செல்ல ஒரு செங்கல்கூட இருக்கவில்லை. இன்று முதல் வீடு தேடி அலையும் நம் பிள்ளைகள் பலர், தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக வீட்டுக் கடன் படிவத்தைத் தொடுபவர்கள். அதைப் பற்றிக் கேட்டறிய வீட்டில் பெரியவர் எவரும் இல்லை.

இதன் தடத்தை எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் காண்கின்றேன். நான் பணியில் சேர்ந்த காலத்தில் மாணவரின் முகவரியாகத் தோட்டத்தின் பெயர் இருந்தது. இன்று அடுக்குமாடியின் எண் இருக்கிறது. ஆண்டு நடுவில் பள்ளி மாறும் பிள்ளைகளில் பலர் வாடகை வீட்டுப் பிள்ளைகளே. விடுதலையின்போது 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறக்குறைய 530ஆகக் குறைந்ததற்கும், மக்கள் தோட்டங்களைவிட்டு வெளியேறியது ஒரு பெருங்காரணம்.

நாம் செய்யக்கூடியது

பெற்றோர்களே, வேலைக்குச் செல்லத் தொடங்கும் உங்கள் மூத்த பிள்ளைகளிடம் மூன்றைச் சொல்லி வையுங்கள். முதலாவது, சம்பளச் சீட்டும் சேமநிதிப் பிடித்தமும் இல்லாத வேலையில் நெடுங்காலம் இருக்க வேண்டாம். இரண்டாவது, மோட்டார் சைக்கிள் கடனாயினும் தவணை தவறக் கூடாது. அது பதிவாகி, பின்னாளில் வீட்டுக் கடனுக்குத் தடையாய் நிற்கும். மூன்றாவது, விற்பனை ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் விளங்காமல் கையொப்பமிட வேண்டாம். மாதச் சம்பளம் இல்லாத சிறு வணிகர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் அரசாங்க உத்தரவாதத்துடன் வீட்டுக் கடன் பெறும் திட்டம் உண்டு. அதனையும் வங்கியில் விசாரித்துப் பாருங்கள்.

ஆசிரிய நண்பர்களே, விழுக்காடும் வட்டியும் கற்பிக்கும்போது ஒரு வீட்டின் விலையையும் மாதத் தவணையையும் கணக்காகக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பாடத்தை வகுப்பறைதான் சொல்லித்தர வேண்டும். மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கியவர்களின் கதையையும் அத்துடன் கூறுங்கள். தங்கள் பாட்டனும் பாட்டியும் யாரென்று பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்.