இடக்கையும் எதிர்ப்பாற்றலும்



மேட்டூரில் நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், இடக்கையால் எழுதிய சிறுவன் ஒருவனை வலக்கைக்கு மாற்ற முயன்றேன், பிரம்பும் எடுத்தேன். அவன் கை மாறவில்லை. என்னைக் கண்டால் நடுங்க மட்டும் கற்றுக்கொண்டான். அந்நடுக்கத்தின் பொருளை நான் உணர்ந்தது, நாய்களைப் பற்றிய ஆராய்ச்சி வரலாறு ஒன்றைப் படித்த பின்னரே.

அவ்வரலாறு வெறிநாய்க்கடியில் தொடங்குகிறது. 1885ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசியிட்டுக் காத்தார். நம் நாட்டில் 1900இல் இமயச் சாரலிலுள்ள கசௌலியிலும், 1907இல் நீலகிரிக் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் தோன்றின. அந்நாளில் அறிஞர்கள் ஆராய்ந்தது மருந்தின் தன்மையையே. அதனை ஏற்கும் உடலின் நிலை யாது என்னும் வினா பின்னரே வலுப்பெற்றது.

1936இல் ஹான்ஸ் செலியே எலிகளை ஆராய்ந்தார். குளிர், காயம், மிகையான உழைப்பு ஆகிய எதனால் துன்புற்றாலும் அவற்றின் அட்ரினல் சுரப்பி பருத்தது. நோயெதிர்ப்புக்குரிய தைமஸ் சுருங்கியது. மனிதரிடத்தும் நாயிடத்தும் அட்ரினலில் ஊறும் கார்ட்டிசால் நெடுநாள் மிகுந்திருப்பின் எதிர்ப்பாற்றல் தளரும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இத்தாலி நாட்டுப் பாரி பல்கலைக்கழகத்தார், நாயின் மூக்கின்மேல் தாள் ஒன்றை ஒட்டி, அதனை எந்த முன்காலால் அகற்றுகிறது என்று எண்ணிப் பார்த்தனர். 2006இல் வெளியான அவர்தம் ஆய்வில், வெறிநோய்த் தடுப்பூசி பெற்ற நாய்களுள் இடக்கால் பழக்கமுடையவற்றின் குருதியில் எதிர்ப்பொருள் குறைந்திருந்தது.

'அப்படியாயின் இடக்கை தாழ்ந்ததுதானே?' என்று சிலர் கேட்கலாம். அன்று கேட்டிருந்தால் நானும் அவ்வாறே கூறியிருப்பேன். அது பிழை. சில நாய்களிடம் கண்ட தொடர்பு காரணம் ஆகிவிடாது. மனிதருக்கு அப்படியே பொருந்தவும் பொருந்தாது. மூளையின் வலப்பாதி உடலின் இடப்புறத்தையும், இடப்பாதி வலப்புறத்தையும் இயக்குகின்றன. ஆகவே, காலின் பழக்கம் மூளை அமைப்பின் வெளி அடையாளமே. அடையாளத்தை அடித்து மாற்றுவதால் அமைப்பு மாறிவிடுமா?

நான் திருத்த முயன்றது குறையே அன்று. நான் கொடுத்த அச்சமே உடலைத் தளர்த்தும் குறை. இதனை அறிய எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. உங்கள் வகுப்பில் இடக்கையால் எழுதும் தோழன் இருப்பின், அவன் அச்சமின்றி எழுதட்டும். நாளை ஆசிரியர் ஆவோர் இதனை மறவாதிருப்பீர்களாக.