மதில் மேல் பூனையாக ஒரு பிட்

உங்க போன்ல இருக்கிற ஏதாவது ஒரு பழைய போட்டோவைத் திறந்து பாருங்க. பளிச்னு வருது, இல்லையா? ஆனா அந்தப் படத்தை வைத்திருக்கிற மெமரி சிப் அதைத் தப்பும் தவறுமாகத்தான் படிக்கிறது. அதைத் திருத்தி நமக்குக் கொடுக்கிற கணக்கின் கதைதான் இன்னைக்கு எபிசோட்.

கதை 1940-களின் பின்பாதியில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. அங்கே ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதவியலாளர், வார இறுதியில் ஆள் இல்லாத நேரத்தில் ரிலே கணினியில் தன் கணக்கைப் போட்டுவிட்டுப் போவார். பிழை வந்தால் அந்த மெஷினுக்குத் தெரியும், ஆனா திருத்தத் தெரியாது. அந்த வேலையை அம்போன்னு விட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிடும். ஹாமிங்குக்கு எரிச்சல். தப்பு இருக்குன்னு கண்டுபிடிக்கத் தெரிந்த மெஷினுக்கு, அது எங்கே இருக்குன்னும் தெரிய வேண்டாமா? தகவலோடு சில கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து, தப்பான பிட்டை அடையாளம் காணும் முறையை அவர் 1950-ல் வெளியிட்டார். பிழை திருத்தும் குறியீடுகளின் பிள்ளையார் சுழி அது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இந்த முறையில், படிக்கிற கருவி முதலில் ஒவ்வொரு பிட்டையும் 0 அல்லது 1 என்று வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகச் சொல்லிவிட வேண்டும். திருத்துவது அதற்குப் பிறகுதான். இதுக்கு ஹார்ட் டிசிஷன்னு பேர். நிஜத்தில் கருவிக்குக் கிடைப்பது ஒரு மின்னழுத்தம். அது தெளிவாக 1 பக்கம் இருக்கலாம், ரெண்டுக்கும் நடுவே மதில் மேல் பூனையாகவும் இருக்கலாம். ஹார்ட் டிசிஷன் அந்தச் சந்தேகத்தைத் தூக்கிப் போட்டுடும்.

அந்தச் சந்தேகத்தையும் கணக்கில் சேர்த்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் காலகர். 1960-ல் எம்.ஐ.டி.யில் அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வில்தான் எல்.டி.பி.சி. குறியீடுகள் பிறந்தன. ஒரு சின்ன உதாரணம். மூணு பிட், கூட்டினால் இரட்டைப்படை வரணும்னு விதி. படிச்சது 1, 1, 1. கூட்டினா மூணு. எங்கேயோ தப்பு, எதுலன்னு தெரியாது. இப்போ முதல் ரெண்டும் 95 சதவீதம் உறுதி, மூணாவது 55 சதவீதம்தான் உறுதின்னு தெரிஞ்சா? மூணாவதைத்தான் மாத்துவீங்க. இதுதான் சாஃப்ட் டிசிஷன்.

காலகரின் முறையில் இப்படி ஆயிரக்கணக்கான விதிகள் இருக்கும். ஒவ்வொரு விதியும் தன்னிடம் உள்ள பிட்டுகளுக்கு, 'மத்தவங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா நீ 0-ஆ இருக்க வாய்ப்பு அதிகம்' என்கிற மாதிரி சேதி அனுப்பும். பிட்டுகள் தங்கள் நம்பிக்கையைத் திருத்திக்கொண்டு பதில் அனுப்பும். பல சுற்றுகளில் விடை தெளிவாகும்.

அருமையான யோசனைதான். ஆனா இத்தனை கணக்கையும் போட 1960-ன் மின்னணுவியலுக்குத் தெம்பு இல்லை. ஆய்வு ஏறக்குறைய முப்பது வருஷம் பரணில் கிடந்தது. 1982-ல் வந்த சி.டி.க்கள் ரீட்-சாலமன் குறியீட்டை நம்பின. 1993-ல், சந்தேகத்தைச் சுற்றுக்குச் சுற்று பரிமாறிக்கொள்ளும் டர்போ குறியீடுகளை கிளாட் பெரூவும் சக ஆய்வாளர்களும் அறிமுகப்படுத்தினார்கள். அதன் பிறகுதான் டேவிட் மெக்கேயும் ராட்ஃபோர்ட் நீலும் காலகரின் குறியீடுகளின் பலத்தை மறுபடி எடுத்துக் காட்டினார்கள்.

இனி சேமிப்புப் பக்கம் வருவோம். 1987-ல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா குழு நாண்ட் ஃபிளாஷ் மெமரியை அறிமுகப்படுத்தியது. எலக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைக்கும் குட்டிக் குட்டி செல்கள் அதில் இருக்கும். ஆரம்பத்தில் ஒரு செல்லில் ஒரு பிட். ரெண்டே நிலை, நடுவில் தாராளமான இடைவெளி. எழும் பிழைகளைத் திருத்த பி.சி.ஹெச். குறியீடே போதுமாக இருந்தது. அதன் முதல் எழுத்துக்குரியவர், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இருந்து அமெரிக்கா போன ஆர்.சி. போஸ்.

விலை குறைய வேண்டுமானால் ஒரே செல்லில் நிறைய அடைக்கணும். மூணு பிட் வைத்தால் 8 நிலைகள், நாலு வைத்தால் 16. பக்கத்துப் பக்கத்து நிலைகள் உரசிக்கொள்ள ஆரம்பித்தன. எழுதி எழுதி செல் தேய்கிறது, நாளாக ஆக எலக்ட்ரான் கசிகிறது. பி.சி.ஹெச். திணறியது. காலகரைப் பரணிலிருந்து இறக்கினார்கள்.

ஆனா ஃபிளாஷ் சிப்பைக் கேட்டால், 'எல்லைக்கு மேலே' அல்லது 'கீழே' என்று மட்டும்தான் சொல்லும். அதனால் எல்லையைக் கொஞ்சம் ஏற்றி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை திரும்பப் படிக்கிறார்கள். எந்த பிட் பேச்சை மாத்துதோ, அதுதான் மதில் மேல் பூனை. இப்படி மறுபடி மறுபடி படிக்க நேரம் ஆகும். அதனால பொதுவா முதலில் சாதாரணமாகப் படித்துப் பார்த்து, திருத்த முடியாத போதுதான் இந்த வழிக்குப் போவார்கள்.

இன்னைக்கு நம்ம கையில் இத்தனை ஜிபி இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. செல்கள் துல்லியமாக இருக்க வேண்டிய கட்டாயத்தை அது தளர்த்தியது. அதுக்காக அது மந்திரம் கிடையாது. கசிவு ஒரு அளவைத் தாண்டினால் எந்தக் குறியீட்டாலும் மீட்க முடியாது. பென் டிரைவில் போட்டு வருஷக்கணக்காக அலமாரியில் வைத்திருக்கும் கல்யாண ஆல்பத்துக்கு இன்னொரு காப்பி எடுத்து வெச்சிடுங்க.

காலகருக்கு 2020-ல் ஜப்பான் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆய்வு எழுதி அறுபது வருஷம் கழித்து. அதற்குள் அவருடைய குறியீடுகள் எஸ்.எஸ்.டி.யிலும் ஹார்ட் டிஸ்கிலும் 5ஜி-யிலும் ஓட ஆரம்பித்திருந்தன. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.