கேலாங்: தீயும் வெள்ளமும் காட்டும் சிங்கப்பூர்

கேலாங், காலாங் ஆற்றின் கிழக்கே பரந்து கிடக்கும் தாழ்வான வட்டாரம். சிங்கப்பூர் வரலாற்றை 1819, 1965 ஆகிய ஆண்டுகளைச் சுற்றியே சொல்வது வழக்கம். ஆனால், சாமானியரின் வீட்டு வாசலுக்கு அரசு வந்த கதையை அறிய, இங்கே பற்றிய தீயையும் புகுந்த வெள்ளத்தையும்தான் பார்க்க வேண்டும்.

1958 ஏப்ரலில் கேலாங் லோரோங் 3 பக்கம் இருந்த கம்போங் கூச்சாய் எரிந்தது. பலகைச் சுவர், அத்தாப்புக் கூரை, ஒன்றையொன்று உரசி நிற்கும் வீடுகள். ஓரிடத்தில் பற்றினால் கம்பமே போய்விடும். வீடிழந்தவர்களுக்காக 60 ஆண்டுக் குத்தகை நிலத்தில் வரிசை வீடுகள் எழுந்தன.

கேலாங்குக்கு வெளியே, 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ வட்டாரத்தில் பற்றிய தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்திருந்தது. அவர்களை அது விரைந்து அடுக்குமாடிகளில் குடியேற்றியது. அந்தத் தீயே கம்பத்து மக்களை அரசின் பதிவேட்டுக்குள் வந்த குடிமக்களாக்கியது என்று வரலாற்றாய்வாளர் லோ கா செங் 2013இல் வெளிவந்த தம் நூலில் விளக்குகிறார். கூரை கிடைத்தது பெரிய காரியம். கூடவே, தலைமுறையாகப் பழகிய அக்கம்பக்கம் கலைந்ததையும் அந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

மீண்டும் கேலாங்குக்கு வருவோம். லோரோங் 3 வரிசை வீடுகளின் குத்தகை 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. 191 வீடுகளும் இழப்பீடு இல்லாமல் அரசிடம் திரும்பின.

வெள்ளத்தின் கதை இன்னும் நீளமானது. 1978 டிசம்பர் 2 அன்று பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டில் பெய்யும் மழையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! ஏழு பேர் மாண்டார்கள். கடலில் நீர் ஏறும் வேளையில் பெருமழையும் சேர்ந்தால் கால்வாய்த் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. தேக்காவை ஒட்டிய ஜாலான் புசார், சைனாடவுன், கேலாங் எல்லாவற்றுக்கும் இதே துன்பம்தான்.

2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு இந்தச் சிக்கலுக்கான விடை. கடல் தாழ்ந்திருக்கும்போது பெருமழை பெய்தால் அதன் ஒன்பது மதகுகளும் நீரை வெளியே விடும்; ஏறியிருந்தால் மதகுகள் மூடியிருக்க, ஏழு ராட்சத பம்புகள் இறைத்துத் தள்ளும். உள்ளே தேங்குவது குடிநீராகிறது.

ஆனாலும் 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தீவில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நிலம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கடலோரப் பாதுகாப்புப் பொறுப்பையும் 2020இல் பொதுப் பயனீட்டுக் கழகம் ஏற்றது.